கறுப்புக் காய் வந்த பாப்பா
(சென்னையில் நடந்த சதுரங்கப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியது)

பெரியவர்களே, அரைமணி நேரமாகக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளே,

கடைசி ரவுண்டில் இரண்டாம் போர்டில் ஒரு பாப்பா கறுப்பில் ஆடி ஜெயித்தாள். வாசலில் ஒரு அப்பா, "அந்தப் பையன் சொதப்பிட்டான் சார், இவளுக்கு லக்" என்றார். அவருக்குத்தான் இந்தப் பேச்சு. பின்வரிசையில்தான் இருக்கிறார்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் பட்டப் போட்டி. நம்ம ஊர் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு 6.5 புள்ளி. பதினான்காவது, கடைசி ஆட்டம், குகேஷுக்குக் கறுப்பு. ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு மந்திரி. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். டிரா என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான் டீ போடவே எழுந்துவிட்டேன். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். யானைக்கு யானை போகட்டும் என்ற கணக்கு. தன் மந்திரி ஏ8 மூலையில் ஒண்டிக்கிடப்பதைக் கவனிக்கவில்லை. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் மந்திரியை டி5-இல் வைத்தார். மந்திரி சாய்வாகத்தான் போகும்; மூலையில் இருப்பதற்கு ஒரே ஒரு சாய்கோடுதானே, அதை இது மறித்துவிட்டது! மந்திரிகளும் போயின. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும்தான்; அந்த ஒரு சிப்பாய் அதிகம் போதும். 58ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார்.

சொதப்பல்தான், மறுக்கவில்லை. ஆனால் டிராவுக்கு ஒத்துக்கொண்டு குகேஷ் எழுந்திருந்தால் அந்தச் சொதப்பல் எங்கிருந்து வந்திருக்கும்?

எதிர்ப்பக்க வலியும் நமக்குத் தெரியும். 2013 நவம்பரில், இதே சென்னையில், கார்ல்சனோடு நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்துக்கு வெள்ளை. ராஜாவை மறைக்க மந்திரியை வைக்க வேண்டிய இடத்தில் குதிரையை வைத்தார், 28ஆவது நகர்த்தல். கார்ல்சனின் ராணி இ1-க்கு வந்தது. அத்தோடு முடிந்தது. அன்றைக்கு நாம் யாரும் கார்ல்சனுக்கு லக் என்று சொல்லவில்லையே.

சரி, நம்ம பாப்பா. ஆளுக்கொரு யானை, நாலு சிப்பாய். பையன் டிரா கேட்டான். தலையை மட்டும் ஆட்டினாள். அவன் யானையை மாற்றினான். அதற்குமுன் பத்து நிமிடம் எல்லோரும் சிப்பாய்களையே பார்த்தோம். அவள் ராஜாவை ஒவ்வொரு கட்டமாக நடுவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். யானைகள் போனபோது இரண்டு ராஜாவும் நேருக்கு நேர். நகர வேண்டியது வெள்ளை. விலகியே ஆக வேண்டும். விலகினால் இவள் ராஜா உள்ளே நுழைந்து சிப்பாய்களைப் பிடிக்கும்.

எப்போது கணக்குப் போட்டாய் என்று கேட்டேன். "அவன் டிரா கேட்டப்பவே அங்கிள்" என்றாள்.

மேடைக்கு வாம்மா.