பப்பாளி இனிக்கணும்னா பச்சை இலைய வெட்டாதீங்க

வணக்கம்ங்க. இந்த மரத்தைக் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. மேல ஏழெட்டு இலை, கீழ நாப்பது காய். காத்தோட்டம் வேணும்னு அடி இலையப் பச்சையா இருக்கும்போதே கழிச்சு விட்டுட்டாங்க. இந்தக் காய் பழுத்தாலும் சப்புன்னுதான் இருக்கும்.

வாழைக்காயில மாவுச்சத்து இருக்கு, பறிச்சு வச்சாலும் அது சர்க்கரையா மாறிடும். பப்பாளிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. மரத்துல இருக்குற கடைசி ஒரு மாசத்துலதான் காய்க்குள்ள சர்க்கரை ஏறுது. அதை இலைதான் வெயில்ல அன்னன்னைக்குச் சமைச்சு அனுப்பணும். முத்துன இலை ஒண்ணு, சுமாரா மூணு காய்க்குத்தான் சோறு போடும். நாப்பது காய்க்குப் பதினஞ்சு இலையாவது வேணும். மஞ்சளானது, புள்ளி விழுந்தது, அதை மட்டும் எடுங்க.

கோ 8, ரெட் லேடி, ரகம் எதுவானாலும் 6 அடிக்கு 6 அடி விடுங்க. ஏக்கருக்கு 1,200 கன்னு வரும். 5 அடியில நட்டா 1,700 கன்னு நிக்கும், ஆனா ஒண்ணோட நிழல் ஒண்ணு மேல விழுந்து அடி இலை சீக்கிரமே பழுத்துடும். மரம் வெயிலைத் தேடி நெட்டையா போயிடும்.

உச்சி வெயில்ல இலை துவண்டு தொங்குதுன்னு உடனே தண்ணி திறந்துடாதீங்க. மண்ணை ஒரு சாண் தோண்டி உருட்டிப் பாருங்க. உருண்டை புடிச்சா ஈரம் இருக்கு. சூடான காத்துக்கு இலைத்துளை மூடிக்கிச்சு, அவ்வளவுதான். துளை மூடினா கரியமில வாயு உள்ள போகாது, சமையல் நின்னுடும். இதுக்கு மருந்து தண்ணி இல்லைங்க. சூடான காத்தைத் தடுக்க வரப்போரம் அகத்தி, ஈரம் காயாம இருக்க மரத்தடியில மூடாக்கு, அதாவது காஞ்ச இலைதழையப் பரப்புறது. மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது, ஒரு சாண் தள்ளிப் போடுங்க, இல்லைன்னா தண்டு அழுகும். ரெண்டு நாள் தண்ணி தேங்கினா வேர் மூச்சு முட்டி மரமே போயிடும். அதனால மேட்டுப்பாத்தியும் வடிகாலும் கட்டாயம்.

உரத்துல நிறைய பேர் தப்பு பண்றாங்க. மூணாம் மாசத்துலருந்து ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, மரத்துக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) தலா 50 கிராம்னு சிபாரிசு. அது சத்தோட கணக்குங்க, மூட்டையில இருக்குற உரத்தோட கணக்கு இல்ல. யூரியாவுல 46 சதவீதம்தான் தழைச்சத்து. அப்போ யூரியா 110 கிராம், சூப்பர் பாஸ்பேட் 310 கிராம், பொட்டாஷ் 83 கிராம் வரும். நாலாம் மாசமும் எட்டாம் மாசமும் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டு, 1 கிராம் போரிக் அமிலம் இலையில தெளிங்க. போரான் குறைஞ்சா காய் மேடும் பள்ளமுமா கோணிக்கிட்டு வரும்.

இலை திட்டுத்திட்டா வெளுத்து, காம்புல எண்ணெய் பட்ட மாதிரி கீத்து தெரிஞ்சா அது வளையப்புள்ளி வைரஸ். குணமாக்க வழி கிடையாது, மரத்தை அன்னைக்கே புடுங்கிடுங்க. அசுவினிப் பூச்சி பரப்புற நோய் இது. பூசணி, பாகல்லயும் அந்தப் பூச்சி தங்கும், அதனால ஊடுபயிரா அதெல்லாம் வேண்டாம்.

பறிக்கிறப்போ காயோட நுனியப் பாருங்க. மஞ்சக் கீத்து ஒண்ணு ரெண்டு ஓடியிருக்கணும். முழுப்பச்சையில பறிச்சுப் பழுக்க வச்சா நிறம் வரும், இனிப்பு ஏறாது.