கிட் (Git) இருக்கே, அப்புறம் எதுக்கு பிளான்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி பாளையங்கோட்டையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வாசிக்கேன். "அண்ணே, நாங்க நாலு பேரு சேந்து ஒரு மொத்த மளிகைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ணுதோம். கோடு எல்லாம் கிட்லதான் இருக்கு. இப்ப கடையோட ஆடிட்டரு 'கன்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட், சேஞ்ச் மேனேஜ்மென்ட் பிளான் எழுதிக் குடுங்க'ன்னு கேக்காரு. கிட் இருக்கும்போது அது எதுக்கு? நாலு பேருக்கு இதெல்லாம் ஓவர் இல்லையா?"

நாப்பது பக்கம் எழுதினா ஓவர்தான் தம்பி. ரெண்டு பக்கம் எழுதுங்க, போதும். கன்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்னா எங்க எந்த வெர்ஷன் ஓடுதுன்னு கணக்கு வச்சுக்கிடுதது. சேஞ்ச் மேனேஜ்மென்ட்னா எத, யாரு சொல்லி, எப்டி மாத்தணும்னு ஒரு முறை வச்சுக்கிடுதது.

கிட் நல்ல சாமான், புரோகிராம் கோடுல செய்யுத ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வைக்குத சாஃப்ட்வேர். 2005-ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதினது. ஆனா அதுக்கு என்ன தெரியும்? ரெப்போவுக்குள்ள, அதாவது கோட சேத்து வச்சிருக்க இடத்துக்குள்ள, எந்த வரிய யாரு என்னைக்கு மாத்தினாங்கன்னு தெரியும். டவுன்ல அண்ணாச்சி கடை கல்லாவுல இந்த நிமிஷம் எந்த வெர்ஷன் ஓடுதுன்னு அதுக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியணும்.

நான் பட்டதச் சொல்லுதேன். 2025 செப்டம்பர் 22, ஜிஎஸ்டி மாறுன நாளு. குளிக்குத சோப்பு, டூத்பேஸ்ட், தலைக்குத் தேய்க்க எண்ணெய் எல்லாம் 18-ல இருந்து 5 சதவீதத்துக்கு வந்துச்சு. எங்க கஸ்டமர் ஒருத்தரு கடையில மூணு மெஷின். முன்னால ரெண்டு, பின்னால குடோன்ல ஒண்ணு. முந்தின ஞாயித்துக்கிழமை ராத்திரி போயி முன்னால உள்ள ரெண்டையும் மாத்தியாச்சு. குடோன் பூட்டிக் கிடந்துச்சு, சாவி கணக்கப்பிள்ளை கையில. "காலைல பாத்துக்கிடலாம்"னு ஒருத்தன் சொன்னான். மறந்துட்டான். வேற யாரு, நாந்தான்! திங்கக்கிழமை சோப்புப் பெட்டி 18-லயே பில் விழுந்து, லோடு அம்பாசமுத்திரத்துக்கே போயிட்டு. வாங்கின கடைக்காரரு போன் போட்ட பிறகுதான் விஷயமே தெரியும். அண்ணாச்சி திட்டக்கூட இல்ல. "எந்தெந்த மெஷின்ல மாத்துனீங்கன்னு ஒரு துண்டுச்சீட்டுலயாவது எழுதி வச்சிருக்கீங்களாய்யா?"ன்னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல.

இதே கூத்து அமெரிக்காவுலயும் நடந்திருக்கு. நைட் கேபிடல்னு ஒரு பங்கு வர்த்தகக் கம்பெனி, 2012 ஆகஸ்ட் 1. புது கோட 8 சர்வர்ல ஏத்தணும், 7-ல ஏத்திட்டாங்க, ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த எட்டாவதுல தூங்கிக் கிடந்த பழைய கோடு முழிச்சு, ஆர்டரா போட்டுத் தள்ளிட்டு. முக்கா மணி நேரத்துல 40 கோடி டாலருக்கு மேல நஷ்டம். எங்க குடோன் கதையேதான், சைபர்தான் கொஞ்சம் கூட.

சரி, பிளான்ல என்ன எழுத? முதல்ல எதெல்லாம் கணக்குல வச்சுக்கிடணும்னு ஒரு பட்டியல். கோடு மட்டும் இல்ல. டேட்டாபேஸ் அமைப்பு, பில் பிரின்ட் ஃபார்மட், வரி டேபிள், பிரின்டர் டிரைவர் எந்த வெர்ஷன், வெளியில இருந்து எடுத்த லைப்ரரி எந்த வெர்ஷன், எல்லாம் வரணும். பாஸ்வேர்ட கிட்ல போட்டுராதீங்க, அத தனியா வைங்க. வரி டேபிள்ல "இந்தத் தேதியில இருந்து"ன்னு ஒரு காலம் (column) கட்டாயம் வேணும். ஏன்னா 20-ந்தேதி பில் போட்ட சோப்பு 25-ந்தேதி திரும்பி வந்தா பழைய 18-லதான் கழிக்கணும். பழைய ரேட்ட அழிச்சிட்டு 5-னு போட்டு வச்சிருந்தா அன்னைக்கு முழிப்பீங்க. கடைக்கு ஏத்துற ஒவ்வொரு வெர்ஷனுக்கும் கிட்ல ஒரு டேக், அதாவது பேர்ச்சீட்டு, போட்டுருங்க, 2.3.1 மாதிரி. கடையில ஓடுததும் அந்த டேக்கும் ஒண்ணா இருக்கணும்.

அடுத்து, மாத்தச் சொல்ல யாருக்கு உரிமை? அண்ணாச்சி வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போடுவாரு, அவரு மகன் ஒண்ணு சொல்லுவாரு, கணக்கப்பிள்ளை நேர்ல பிடிச்சு இன்னொண்ணு சொல்லுவாரு. ஆளாளுக்கு மடையத் திறந்தா கடைமடைக்குத் தண்ணி போகாது, தாமிரபரணித் தண்ணி குடிக்க நமக்கு இதச் சொல்லித் தரணுமா? புத்தகத்துல இதுக்கு சேஞ்ச் கன்ட்ரோல் போர்டுன்னு பேரு. உங்களுக்கு ரெண்டு பேரு போதும்: உங்க பக்கம் ஒருத்தர், கடை பக்கம் ஒருத்தர். எங்க கேட்டாலும் சரி, ஒரே ஷீட்டுல ஏறணும்: என்ன மாத்தணும், எதுக்கு, வேற எதத் தொடும், யாரு சரின்னாங்க, சொதப்பினா எப்டி பழையதுக்குத் திரும்ப. அவசரம்னா முதல்ல மாத்திருங்க, மறுநாளுக்குள்ள எழுதிருங்க. ரிமோட்ல போயி கஸ்டமர் மெஷின்லயே நேரா கை வச்சிட்டு, கிட்ல ஏத்தாம விடுத வேலை மட்டும் வேண்டாம். அடுத்த அப்டேட்ல அது காணாமப் போயிரும்.

ஆடிட்டரு தரநிலை எதுன்னு கேட்டா ஐஇஇஇ (IEEE)-ங்கிற பொறியாளர் அமைப்போட 828-னு சொல்லுங்க, 2012-ல திருத்தின பதிப்பு இருக்கு. தலைப்ப அதுல இருந்து எடுத்துக்கிடுங்க, உள்ளடக்கம் உங்க கடைக்குத் தக்கன இருக்கட்டும்.

கடைசியா மெஷின் பட்டியல். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வரி: வெர்ஷன், தேதி, ஏத்துனது யாரு. மாசம் ஒருக்கா நேர்ல போயி சரிபாருங்க. இன்னொரு சின்ன வேலையும் செய்யுங்க. பில்லோட அடியில, "நன்றி, மீண்டும் வருக"வுக்குக் கீழ, பொடி எழுத்துல வெர்ஷன் நம்பர அச்சடிச்சிருங்க. குடோன் கதைக்குப் பிறகு நாங்க அப்டித்தான் வச்சிருக்கோம். இப்பல்லாம் அண்ணாச்சி பில்லப் போட்டோ எடுத்து அனுப்பிட்டு, "ஏய்யா, இது பழசா புதுசா?"ன்னு அவரே கேக்காரு.