ஃபைல் பேரின் வாலைப் பாருங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் 22 வருஷமாக ஜெராக்ஸ், டிடிபி, பிரிண்ட் அவுட் கடை வைத்திருக்கிறேன். கடையில் தினமும் காதில் விழுகிற ஒரு வாக்கியம் உண்டு: "அக்கா, சிஸ்டத்துல வைரஸ் வந்துடுச்சுக்கா." ஸ்லோவாக ஓடினாலும் வைரஸ், விளம்பரம் குதித்தாலும் வைரஸ், கீபோர்டில் ஒரு எழுத்து விழவில்லை என்றாலும் வைரஸ். மழை முடிந்த கையோடு நம்ம பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் காய்ச்சலில் படுப்பார்கள். டாக்டரிடம் போனால் டெங்குவா, டைஃபாய்டா, மலேரியாவா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தானே மருந்து எழுதுகிறார்? கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே பேர், ஒரே மருந்து, "ஃபார்மேட் அடிச்சிடு", அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடு? இந்த ரேடியோப் பேச்சே அதற்காகத்தான்.

கெடுதல் செய்வதற்கென்றே எழுதுகிற புரோகிராம் எல்லாவற்றுக்கும் பொதுப் பேர் மால்வேர். வைரஸ் அதில் ஒரு வகை. ஒரு மால்வேர் கண்ணில் பட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே எப்படி வந்தது, இங்கிருந்து அடுத்த இடத்துக்கு எப்படிப் போகிறது, வந்த இடத்தில் என்ன செய்கிறது. இந்த மூன்றையும் நடுவில் நடுவில் திரும்பச் சொல்வேன், அடுப்படியில் வேலை செய்துகொண்டே கேட்கிறவர்களும் இருப்பீர்கள்.

முதலில் வைரஸ். மாமரத்துக் கிளையில் புல்லுருவி பார்த்திருப்பீர்கள், அது தரையில் தனியாக முளைக்காது, இன்னொரு மரம் வேண்டும். வைரஸும் அப்படித்தான், ஏற்கெனவே இருக்கிற ஒரு புரோகிராமில் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் அதைத் திறந்தால்தான் அதுவும் ஓடும். 1986-இல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் பிரெய்ன் என்று ஒன்றை எழுதினார்கள். தங்கள் சாஃப்ட்வேரைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுக்கிறவர்களைப் பிடிக்க எழுதியதாகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் ஃபிளாப்பியில், அதாவது பென் டிரைவுக்கு முந்தின காலத்துத் தட்டில், முதலில் படிக்கிற இடத்தில் போய் அது உட்கார்ந்துகொள்ளும். உள்ளேயே தங்கள் பேர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் வைத்திருந்தார்கள். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் போன் வந்தது. ஐபிஎம் பிசி வகை கம்ப்யூட்டருக்கு வந்த முதல் வைரஸ் அதுதான் என்று சொல்வார்கள். நானும் கடைக்காரி என்பதால் இந்தக் கதை எனக்கு மறப்பதே இல்லை.

அடுத்தது வார்ம். இதை எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கதவு திறந்துவிட வேண்டியதில்லை, ஒரு சந்து கிடைத்தால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தானே போய்விடும். 1988 நவம்பர் 2-ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் ஒரு வார்மை இன்டர்நெட்டில் விட்டார். அது எந்த ஃபைலையும் அழிக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே தன் காப்பி இருக்கிறதா என்று அது கேட்டுப் பார்க்கும், ஆனால் இருக்கிறது என்று பதில் வந்தாலும் ஏழில் ஒரு தடவை மறுபடியும் ஏறிக்கொள்ளும்படி எழுதியிருந்தார். அவ்வளவுதான், ஒரே மிஷினில் காப்பிமேல் காப்பி சேர்ந்து எல்லாம் மூச்சுத் திணறி நின்றது. சுமார் 6,000 மிஷின் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

மூன்றாவது ட்ரோஜன். நல்லது மாதிரி வேஷம் போட்டு வருவது. "கேஸ் அடுப்பு செக் பண்ண வந்திருக்கோம்மா" என்று கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு பட்டப்பகலில் வருவார்களே, அந்த மாதிரி. கதவைத் திறந்து விடுவது நாமேதான். பணம் கட்டி வாங்க வேண்டிய சாஃப்ட்வேர் சும்மா கிடைக்கிறது என்று இறக்கினால், கூடவே இது வரும்.

சரி, இப்போது என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் என்னால் மால்வேர் பற்றிப் பேசவே முடியாது.

2012, மார்ச் மாதம். காலேஜ் பிள்ளைகளுக்கு பிராஜெக்ட் ரிப்போர்ட் சீசன், கடையில் நிற்க இடம் இருக்காது. வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண், கடைசி வருஷம் படிக்கிறவள், சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாள். மறுநாள் காலையில் மூன்று காப்பி பைண்டிங் செய்து கொடுக்க வேண்டும். பென் டிரைவைச் செருகினால் அவளுடைய ஃபோல்டர் ஷார்ட்கட்டாக, அதாவது வேறு இடத்தில் இருப்பதைத் திறக்கிற வெறும் குறியாக, மாறியிருக்கிறது, மஞ்சள் ஃபோல்டரின் மூலையில் சின்ன அம்புக்குறி. அதன் அளவைப் பார்த்தால் 1 கேபி. நாலு மாத உழைப்பு, 80 பக்கம், 1 கேபியா? அவள் அழவில்லை, கவுன்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். காத்திருந்தவர்களில் ஒருவர், "எல்லாம் போச்சு, ஃபார்மேட் அடிச்சிட்டு வேற வேலையைப் பாரும்மா" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த 2 ஜிபி பென் டிரைவின் மொத்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் கூட்டினால் சில கேபிதான் வருகிறது, ஆனால் ஒன்றே கால் ஜிபி இடம் பிடித்திருப்பதாகக் காட்டுகிறது. வீடு காலி என்றால் மின்சார மீட்டர் ஏன் ஓடுகிறது? அப்போது ஆள் உள்ளேதான் இருக்கிறான்! ஃபைல் அழியவில்லை, ஒளித்துத்தான் வைத்திருக்கிறது. ஒளித்துவிட்டு அதே பேரில் ஒரு போலி ஷார்ட்கட்டை வைத்துவிட்டது. அதை அழுத்தினால் முதலில் மால்வேர் ஓடும், அப்புறம் உங்கள் ஃபோல்டரும் திறக்கும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. கறுப்பு ஸ்கிரீனில் அட்ரிப் என்று ஒரு கட்டளை உண்டு, ஒளித்த ஃபைலை வெளியே கொண்டுவருவதற்கு. அதைத் தட்டினேன். அந்தக் கட்டளையை ரேடியோவில் எழுத்து எழுத்தாகச் சொன்னால் தப்பாகிவிடும், தெரிந்தவர்களை வைத்துச் செய்துகொள்ளுங்கள். ஃபோல்டர் அப்படியே வந்தது, 80 பக்கமும்.

கதை அங்கே முடியவில்லை. சுத்தம் செய்த பென் டிரைவைக் கழற்றி, பிரிண்ட் எடுக்கப் பக்கத்து மிஷினில் போட்டேன். பத்து செகண்டில் மறுபடியும் அம்புக்குறி. நோய் அவள் பென் டிரைவில் இல்லை, என் கடை மிஷினில் இருந்திருக்கிறது. முந்தின நாளும் அவள் இதே மிஷினில்தான் பத்து பக்கம் எடுத்துப் போயிருக்கிறாள். அந்த வாரம் எத்தனை பென் டிரைவ் அதில் ஏறி இறங்கியது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசையும். ரெண்டு நாள் கடையைச் சாத்தினேன், சீசன் வியாபாரம் போனது. கையில் நம்பர் இருந்த எல்லோருக்கும் போன் போட்டு, "என் கடையிலிருந்துதான் வந்திருக்கிறது, அந்த டிரைவை வேறு எதிலும் போடாதே" என்று சொன்னேன். சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

இப்போது மூன்று கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். பரவின விதம் வார்ம், யாரும் காப்பி செய்யாமலே டிரைவில் ஏறியது. ஃபோல்டர் வேஷம் போட்டது ட்ரோஜன் வேலை. ஆக, இந்தப் பேர்கள் தனித்தனி டப்பா கிடையாது, ஒரே மால்வேருக்கு ரெண்டு மூன்று பேர் பொருந்தும். அது என்ன செய்கிறது என்று பார்த்ததால்தான் அன்றைக்கு ஃபைல் தப்பியது.

அதிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் ஒன்றைச் சொல்கிறேன். ஃபைல் பேரின் வாலைப் பாருங்கள். பேரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து மூன்று நாலு எழுத்து வரும், பிடிஎஃப், ஜேபிஜி, டிஓசி என்று. அதுதான் வால், அந்த ஃபைலின் உண்மையான ஜாதகம். விண்டோஸ் தனக்குத் தெரிந்த வால்களைத் தானாகவே மறைத்துவிடும். இது எனக்குப் பெரிய வருத்தம். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ லவ் யூ என்ற வார்ம் ஈமெயிலில் கிளம்பியது. கூட வந்த ஃபைலின் பேர் லவ் லெட்டர் ஃபார் யூ, புள்ளி, டிஎக்ஸ்டி. டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்து, ஆபத்தில்லை என்று திறந்தார்கள். அதற்கும் பின்னால் விபிஎஸ் என்று இன்னொரு வால், புரோகிராமின் வால், பல பேர் ஸ்கிரீனில் மறைந்திருந்தது. திறந்த கையோடு அவர்கள் அட்ரஸ் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அதே கடிதம் போனது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான கம்ப்யூட்டர், ஒரு மறைந்த வாலால். ஃபோல்டரைத் திறந்து வியூ என்பதற்குள் போனால் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று இருக்கும், அதில் டிக் போடுங்கள். அரை நிமிஷ வேலை. பில் என்று வந்த ஃபைலின் வால் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது பில் இல்லை, புரோகிராம், தொடாதீர்கள்.

ரான்சம்வேருக்கு வருகிறேன், நேரம் ஓடுகிறது. ஃபைலை எல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குக் காசு கேட்பது. 1989-லேயே எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று ஃபிளாப்பியைத் தபாலில் ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்பி, பனாமா நாட்டு விலாசத்துக்கு 189 டாலர் அனுப்பச் சொன்ன கூத்து நடந்திருக்கிறது. 2017 மே 12, வான்னாக்ரை. பூட்டுகிற வேலை ரான்சம்வேர், பரவுகிற விதம் வார்ம், ரெண்டும் ஒன்றாக வந்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளையே நிறுத்தியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அப்டேட் கொடுத்திருந்தது, போடாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: "டேலி பேக்கப் டி டிரைவ்ல இருக்குக்கா" என்கிறீர்களே, கணக்கின் காப்பி இருக்கிற அந்த டி டிரைவும் அதே டப்பாவுக்குள்தானே இருக்கிறது? சி-யைப் பூட்டுகிறவன் டி-யையும் பூட்டுவான். வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள், எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று நிமிஷம் என்று விரல் காட்டுகிறார்கள். ஸ்பைவேர் ஒளிந்திருந்து வேவு பார்ப்பது. கீலாகர் நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் குறித்துக்கொள்வது, அதனால் என் கடை மிஷின் உட்பட எந்தப் பொது மிஷினிலும் பேங்க் பாஸ்வேர்டு தட்டாதீர்கள். ரூட்கிட், கண்டுபிடிக்க முடியாதபடி சிஸ்டத்தின் அடி ஆழத்தில் ஒளிவது. பாட்நெட், உங்கள் மிஷின் மாதிரி நிறைய மிஷின்களைச் சேர்த்து, உங்களுக்குத் தெரியாமல் கூலிக்கு ஓட்டுவது. 2016-இல் மிராய் என்று ஒன்று கேமராவையும் ரவுட்டரையும் பிடித்தது, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருந்தவர்களுடையதைத்தான். உங்கள் கடை வாசல் கேமராவின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். உங்கள் மிஷின் பாட்நெட்டில் மாட்டியிருக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவச டூல் கிடைக்கும்.

போனைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்து வந்தேன், இப்போது ஒரே ஒரு விஷயம் மட்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது, டிராஃபிக் ஃபைன் என்று வருகிறது, தெரிந்தவர் நம்பரிலிருந்தே வருகிறது. வாலைப் பாருங்கள். ஏபிகே என்று இருந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப். அனுப்பினவர் போனே மாட்டியிருக்கலாம், அவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அதை இன்ஸ்டால் செய்து எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்துவிட்டால் உங்கள் ஓடிபி உங்களுக்கு முன்னால் மோசடிக்காரனுக்குப் போய்விடும். தெரியாமல் அழுத்தியிருந்தால் முதலில் அந்தப் போனின் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள், வேறு போனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான அரசு போன் நம்பர் 1930, ஒன்று ஒன்பது மூன்று பூஜ்யம். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு இருக்கிறது, விடியட்டும், பையன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்னொரு தடவை சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: 1930. வணக்கம்.