படகா, கரையா? பாலிக் கடலில் இறங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலித் தீவுக்குப் போகிறவர்களில் ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலடியில் நீந்துவது) கற்று, அதற்கான சான்று அட்டை வாங்கியவர்கள் இரண்டு நாளாவது கடலுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். அடுத்த கேள்வி, கரையிலிருந்து நடந்து இறங்குவதா, படகில் போய்க் குதிப்பதா என்பது. "புதுசா? கரை. பழகினவரா? படகு" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி. எப்படி இறங்குகிறோம் என்பதைவிட எப்படி வெளியே வருகிறோம் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இறங்கும்போது உடம்பில் தெம்பும் சிலிண்டரில் 200 பார் (காற்றின் அழுத்த அளவு) காற்றும் இருக்கும். வெளியே வரும்போது இரண்டும் குறைந்திருக்கும்.

கரைக்கு முதலில் வருவோம். பாலியின் வடகிழக்கில் துலாம்பென் என்றொரு சிற்றூர். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்ட லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை இழுத்து வரும் வழியில் தண்ணீர் ஏறிவிட, இந்தக் கரையில்தான் தரைதட்ட விட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கரையில் கிடந்தது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. இப்போது அதன் மேல்விளிம்பு ஏறக்குறைய 5 மீட்டரிலும், அடிப்பக்கம் 30 மீட்டருக்குக் கிட்டவும் கிடக்கிறது. கரையிலிருந்து சில நிமிஷம் காலடித்தால் போதும். உலகத்தில் இவ்வளவு பெரிய கப்பலை நடந்துபோய்ப் பார்க்கிற இடங்கள் குறைவு.

இடையில் இருப்பது கல். அதே எரிமலை தந்த கறுப்பு உருண்டைக் கல், எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை. மேலே நின்றால் உருளும், தண்ணீர் படும் இடத்தில் வழுக்கும், நடுப்பகலில் சுடும். சிலிண்டர் மட்டுமே 16, 17 கிலோ. காற்றடைத்து மிதக்க உதவும் ஜாக்கெட்டும், அமிழ உதவும் ஈய எடையும் சேர்ந்தால் 25 கிலோவுக்கு மேல். இதைச் சுமந்துகொண்டு இந்தக் கல்லில் நடந்து கணுக்கால் பிசகியவர்கள் உண்டு. நல்லவேளை, ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்துச் சிலிண்டரைக் கரைவரை கொண்டு வந்து தருகிறார்கள். சிலர் ஒரே நடையில் இரண்டு கொண்டு வருவார்கள். "நானே தூக்குகிறேன்" என்று வீரம் காட்ட வேண்டாம். அது அவர்கள் பிழைப்பு. கூலியைக் கொடுத்துவிட்டு, முகமூடியையும் துடுப்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு நடங்கள்.

காலுக்கு அடித்தோல் தடித்த பூட்ஸும், அதன்மேல் மாட்டுகிற, குதிகால் திறந்த துடுப்பும் வேண்டும். வெறுங்காலில் மாட்டும் துடுப்பு படகுக்குச் சரி, துலாம்பெனுக்கு ஆகாது.

இறங்கும் முன் ஐந்து நிமிஷமாவது சும்மா நின்று அலையைப் பாருங்கள். அலை கூட்டமாக வரும். சில பெரிய அலைகள் வந்து போனபின் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் போக வேண்டும். முகமூடி முகத்தில், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயில், ஜாக்கெட்டில் பாதிக்காற்று. துடுப்பு கையில். ஜோடியின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கால்வைத்து, இடுப்பளவு தண்ணீர் வந்ததும் சட்டென்று மல்லாந்து மிதந்து துடுப்பை மாட்டுங்கள். முழங்காலளவில் நின்று குனிந்து மாட்டப் பார்ப்பவர்தான் விழுகிறார். விழுந்தால் எழ முயலாதீர்கள். அடுத்த அலை மறுபடி தள்ளும். கையும் முழங்காலுமாக ஊர்ந்து ஆழத்துக்கோ கரைக்கோ போய்விடுங்கள்.

திரும்பும்போது 100 பாரில் கரையை நோக்கத் தொடங்கி, 50 பாரோடு கரையேறக் கணக்கு வையுங்கள். நீரோட்டம் இருந்தால் (நம் கடற்கரை ஊர்களில் நீவாடு என்பார்கள்) முதலில் அதை எதிர்த்துப் போங்கள். திரும்புகையில் அதுவே கொண்டு வந்து சேர்க்கும். கடலடித் தரையை ஒட்டியே இரண்டு மீட்டர் ஆழம்வரை வாருங்கள். நடுக்கடலில் தலை தூக்கினால் மேலே படகின் விசிறி இருக்கலாம். தண்ணீரை விட்டு முழுக்க வெளியே வரும்வரை ரெகுலேட்டர் வாயைவிட்டு வரக்கூடாது. கரை வந்த சந்தோஷத்தில் அதைத் துப்பிவிட்டு நிமிரும்போதுதான் பின்னாலிருந்து அலை அடிக்கும்.

கரை டைவின் சுகம் நேரம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். காது அடைத்தால் சரிவில் ஒரு மீட்டர் ஏறி, சரியானபின் மெல்ல இறங்கலாம். சின்ன உயிர்களைப் படமெடுப்பவர்களுக்கு இதுதான் சொர்க்கம். விடிந்ததும் இறங்கினால், ஒரு மீட்டருக்கு மேல் நீளமான, நெற்றி புடைத்த கிளிமீன் கூட்டத்தைக் கப்பல் அருகே பார்க்க வாய்ப்புண்டு. ஒன்பது மணிக்குமேல் தெற்கிலிருந்து வேன்கள் வந்துவிடும். அப்புறம் மீனைவிட மனிதத் துடுப்புகள்தான் அதிகம்.

இனி படகு. பாலியின் தென்கிழக்குக் கரையில் உள்ள சானூரிலிருந்து விசைப்படகில் நூசா பெனிடா தீவுக்குப் போவார்கள். அங்கே ஆனைத்திருக்கை வகையைச் சேர்ந்த மாந்தா திருக்கைகள் உண்டு. ஜூலை முதல் அக்டோபர் வரை மோலா என்ற ராட்சதச் சூரியமீன் ஆழத்திலிருந்து மேலே வரும். இவற்றைப் பார்க்க ஆசைப்பட்டால் படகுதான், பேச்சே இல்லை. ஆனால் இது சோம்பேறிகளின் வழி என்று நினைக்காதீர்கள். பசிபிக் பெருங்கடல் நீர் லொம்போக் நீரிணை வழியாக இந்துமாக்கடலுக்குள் பாயும் வாசலில் இருக்கிறது பெனிடா. ஓட்டம் பக்கவாட்டில் மட்டுமல்ல, சில இடங்களில் கீழ்நோக்கியும் இழுக்கும். மோலா வரும் மாதங்களில் 28 டிகிரி நீர் சில மீட்டருக்குள் 20-க்குக் கீழே போகலாம். 3 மில்லிமீட்டர் தடிமனான நீச்சல் உடை போதாது, 5 மில்லிமீட்டர் உடையும் தலையுறையும் கேளுங்கள்.

கீழ்நோக்கி இழுத்தால் நேர்மேலே அடித்துக்கொண்டு போகாதீர்கள். மூச்சும் காற்றும் வீணாகும். பாறை அருகிலிருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் ஓட்டத்துக்குக் குறுக்கே நீந்துங்கள். ஜாக்கெட்டில் காற்று சேர்த்திருந்தால், ஓட்டம் விட்ட நொடியே அதைத் திறந்து விட வேண்டும். மறந்தால் பந்துபோல் மேலே போய்விடுவீர்கள்.

ஓட்டத்தோடு போகும் டைவில் நீங்கள் மேலே வரும் இடத்தில் படகு இருக்காது. அது உங்களைத் தேடி வர வேண்டும். ஆகவே ஆளுக்கொரு ஆரஞ்சு மிதவைக்குழல், ஒரு விசில். மேலே வரும் வழியில், பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்கும்போதே குழலை மேலே அனுப்பிவிடுங்கள். படகுக்காரரிடம் முன்பே கேட்க வேண்டியவை: மேலே ஒருவர் படகில் இருப்பாரா, ஆக்சிஜன் பெட்டி இருக்கிறதா, தலைகளை எண்ணுவது யார், ஏணி உண்டா. ஏணியில் ஒருவர் ஏறும்போது அவருக்கு நேர்கீழே நிற்கக்கூடாது. சிலிண்டர் நழுவினால் உங்கள் மண்டைமேல்தான்.

கடல் குமட்டல் உள்ளவர்கள் மாத்திரையை வாந்தி தொடங்கியபின் போட்டுப் பயனில்லை, புறப்பட ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும் மாத்திரை டைவுக்கு ஆகாது. மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். வெறும் வயிறும் கூடாது, டீசல் புகை வரும் பக்கம் உட்காரவும் கூடாது.

இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு. துலாம்பெனிலும் பக்கத்து அமெட்டிலும் ஜூக்கூங் என்ற சிறு படகு, இருபக்கமும் மூங்கில் மிதவை கட்டியது. நம் கட்டுமரத்தின் பெயரை இரட்டை உடல் படகுக்குச் சூட்டிய ஆங்கிலேயர் இதைப் பார்த்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பாரோ! கல்லில் நடக்க முடியாதவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் இதில் ஏறிப் பின்னோக்கிச் சாய்ந்து விழலாம். ஏறுவதில்தான் சூட்சுமம். பெரும்பாலும் ஏணி கிடையாது. தண்ணீரிலேயே முதலில் ஈயப் பெல்ட்டைக் கழற்றிக் கொடுங்கள், பிறகு ஜாக்கெட்டும் சிலிண்டரும், கடைசியில் துடுப்பை ஓங்கி அடித்து விளிம்பில் எம்பி ஏறுங்கள். வரிசை மாறி ஜாக்கெட்டை முதலில் கொடுத்தால், மிதவை கையைவிட்டுப் போய், இடுப்பில் ஈயம் மட்டும் மிஞ்சும்.

ஐந்தாறு நாள் இருப்பவர்களுக்கு என் யோசனை: முதல் இரண்டு நாள் துலாம்பென். எடை எவ்வளவு வேண்டும், முகமூடி ஒழுகுகிறதா என்பதெல்லாம் அந்தச் சரிவில் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு நாள் பெனிடா. புதியவர்கள் முதல் நாளே பெனிடா போவதை நான் ஒப்ப மாட்டேன், விளம்பரத்தில் எந்த மீனைக் காட்டினாலும். மழைக்காலத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை, ஓடை கலங்கி வந்தால் கரையோரம் மங்கலாகும். அன்றைக்குப் படகில் சற்று விலகிப் போவது நல்லது.

பயணத்தின் கடைசியில் பலர் கோட்டை விடுவது விமானத்தில். பல நாள் டைவ் செய்திருந்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், டைவில் உடம்பில் கரைந்த வாயு குமிழாகிவிடலாம். ஆகவே மலைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. துலாம்பெனில் காலையில் டைவ் செய்துவிட்டு, மாலையில் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிந்தாமணிக்கு எரிமலை பார்க்கக் கார் ஏறுகிறார்கள். ஓட்டுநர் அந்த வழியைச் சொன்னால், அன்றைக்கு வேண்டாம், கடலோரச் சாலையில் போகலாம் என்று சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.