கொங்கிலிருந்து குர்சுராவுக்கு

நேயர்களுக்கு வணக்கம். நொய்யல் கரைக்காரனுக்குக் கடற்படை நினைவுச்சின்னத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நம் கோவை ரெட்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஐ.என்.எஸ். அக்ரணி இருக்கிறதே! அலையே அடிக்காத ஊரில் கடற்படைப் பயிற்சி நிலையம். அந்த உரிமையில் பேசுகிறேன்ங்க.

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. கோவையில் தன்பாத் ரயிலில் ஏறினால் மறுநாள் போய் இறங்கிவிடலாம். சோவியத் நாட்டில் கட்டி, 1969-ல் நம் படைக்கு வந்து, 1971 பாகிஸ்தான் போரில் அரபிக்கடலில் ரோந்து சுற்றியது. 2001-ல் ஓய்வு கொடுத்தார்கள். அடுத்த வருடமே கரையேற்றி அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள்.

நீளம் 91 மீட்டர். உள்ளே போனால் அவ்வளவு நீளமும் எங்கே போயிற்று என்று தோன்றும். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்கு வட்டமான வாசல். குனிந்து, ஒரு காலை முதலில் உள்ளே விட்டு நுழைய வேண்டும். தயவுசெய்து வேட்டியோடு போகாதீர்கள். டார்பிடோக்களை, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டுகளை, ஒட்டியே தூங்கும் பலகைகள். சுமார் 75 பேர் குடியிருந்த இடம்.

இனி என் பைத்தியத்துக்கு வருகிறேன்: மோட்டார். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். முழுகிய கப்பலுக்குக் காற்று ஏது? அதனால் தண்ணீருக்குள் பேட்டரியும் மின்மோட்டாரும்தான். பேட்டரி இறங்கினால் மேலே வந்து டீசலை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். மேலே வந்தால் எதிரி கண்ணில் படலாம். மும்முனை மின்சாரம் எப்போது வருமோ என்று கிணற்றடியில் ராத்திரி விழித்திருந்தவர்களுக்கு இந்தத் தவிப்பு கொஞ்சம் புரியும். மூன்று எஞ்சின், மூன்று மோட்டார். வெளியே வந்ததும் வால் பக்கம் பாருங்கள், விசிறிகளும் மூன்று. பலர் படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். உள்ளே விளக்கம் சொல்பவர்கள் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்கள். நின்று கேள்வி கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், கேள்வி கேளுங்கள்.

"காஜியை மூழ்கடித்தது இதுதானா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லைங்க. பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பலான காஜி, நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்தது. விக்ராந்தோ அந்தமான் பக்கம் போயிருந்தது. 1971 டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி வெடித்து முழுகியது. நம் ராஜ்புத் போர்க்கப்பல் போட்ட குண்டுகளால் என்கிறது நம் கடற்படை. அதை பாகிஸ்தான் ஏற்பதில்லை. உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. எதிரிகள்தான். ஆனால் குர்சுராவின் அந்தப் பலகைப் படுக்கையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குக் கைதட்ட மனசு வராது. அதே கடற்கரையில் 1971 வெற்றிக்கென்று ஒரு நினைவுச்சின்னமும் உண்டு. அங்கே நான் நினைத்துக்கொள்வது இரண்டு பக்கத்தாரையும்தான்.

நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டிவிட்டார்கள். அதே போரில் முழுகிய நம் போர்க்கப்பல் குக்ரிக்கு டையூவில் உள்ள நினைவிடம் பற்றி நிறையக் குறித்து வந்தேன். 1971 டிசம்பர் 9. உயிரிழந்தவர்கள் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கப்பலை விட்டு இறங்காத கேப்டன் முல்லா. இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். ஒன்று மட்டும்: திங்கட்கிழமை குர்சுராவுக்கு விடுமுறை, ரயில் டிக்கெட்டை அதைப் பார்த்துப் போடுங்கள். வணக்கம்.