அந்த ஒரு பிடி அரிசி

(கோபிசெட்டிபாளையத்தில் மகளிர் குழுக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கமுங்க.

எங்க அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், உலை வைக்கும்போது, அளந்த அரிசிக்கு மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார். "ஆராச்சும் வருவாங்க சாமி" என்பார். யாரும் வராவிட்டாலும் அந்தப் பிடிக்கு வேலை இருந்தது. மிஞ்சின சோற்றில் ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்தால், விடிந்ததும் சின்ன வெங்காயத்தோடு பழைய சோறு. காடு கழனி வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் தெம்பு. அதற்கும் மேலே மிஞ்சினது, காய்த்தோல், வடிகஞ்சி எல்லாம் கழுநீர்த் தாழிக்குப் போகும். எருமை வந்து ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும்.

இப்போது தோட்டத்து வீட்டை விட்டு ஈரோட்டிலும் திருப்பூரிலும் மாடி வீட்டுக்குக் குடி வந்துவிட்டோம். எருமையும் தாழியும் அங்கேயே நின்றுபோயின. அந்த ஒரு பிடி மட்டும் நம் கையோடு வந்துவிட்டது.

போன தை மாதம் ஒரு வாரம், எங்கள் வீட்டில் கொட்டப்போகிற சாப்பாட்டையெல்லாம் ஒரு தூக்குப்போசியில் போட்டு ராத்திரி ராத்திரி எடை பார்த்தேன். நாலு பேர் இருக்கிற வீடு. ஏழு நாளில் சோறு மட்டும் 1 கிலோ 400 கிராம். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஒரு கட்டு கொத்தமல்லி இருந்தது. கட்டின நூல்கூட அவிழவில்லை. பிளாஸ்டிக் பைக்குள்ளேயே கறுத்துக் கொழகொழத்துக் கிடந்தது. வெந்தபின் 1 கிலோ 400 என்றால் அரிசியாக அரைக் கிலோ இருக்கும். ஒரு கிலோ அரிசி விளைய உலக சராசரியில் 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்காலில் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று காத்துக் கிடக்கிற ஊர் நம்முடையது. ஒரே வாரத்தில் 1,250 லிட்டரை நான் குப்பையில் ஊற்றியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானதாம். அதில் 60 சதவீதம் வீடுகளில். நம் நாட்டு வீடுகளில் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 55 கிலோ. தோலும் கொட்டையும் சேர்ந்த கணக்குதான். இருந்தாலும் 25 கிலோ சிப்பமாக இரண்டு சிப்பம் அரிசிக்கு மேலேயே வருகிறது. அது குப்பை மேட்டுக்கு அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிற வாயு அது.

இந்த இடத்தில் பின் வரிசையில் இருக்கிற ஆண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சோறு மிஞ்சுவது பாதி நாள் அடுப்படியில் தீர்மானமாவதில்லைங்க. ராத்திரி பத்து மணிக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் வெளியவே சாப்புட்டுட்டேன் அம்மிணி" என்று சொல்கிறீர்களே, அங்கேதான் தீர்மானமாகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு போன் பண்ணிச் சொன்னால் ஓர் ஆழாக்கு அரிசி மிச்சம். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சட்டம். போன் வரவில்லை என்றால் அந்த ஆளுக்கு உலையில் அரிசி கிடையாது. முதல் வாரம் சண்டை வந்தது. இப்போது பழகிவிட்டது.

சந்தை கலைகிற நேரத்தில் தக்காளியைக் கூறு கட்டி மலிவாகக் கொடுக்கிறார்கள். மூன்று கூறு வாங்கத்தான் கை போகும். அன்றைக்கே தொக்கு கிண்ட நேரம் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு கூறு போதும். கொத்தமல்லியை ஈரம் போகத் துடைத்துப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மிஞ்சின குழம்பு ஃபிரிட்ஜில் முன்னால் இருக்கட்டும், கண்ணில் பட்டால்தான் கரண்டி போகும். சோற்றைச் சமைத்த சூட்டோடு ராத்திரி முழுக்க வெளியே விட்டுவிட்டு மறுநாள் தாளிக்காதீர்கள். அதில் வளர்கிற கிருமியின் நஞ்சு திரும்பச் சுட வைத்தாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் தாராளமாகத் தாளிக்கலாம்.

விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று முன்னால் இருக்கிற அம்மா கேட்டார்கள். நல்ல கேள்விங்க. வரட்டும், வந்தபின் அரிசிம்பருப்பு வைப்போம். குக்கரில் கால் மணி நேர வேலை. சுடச்சுட நெய் ஊற்றிப் போட்டால் எந்த விருந்தாளியும் குறை சொல்ல மாட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, ஒரு வாரம் எடை பார்த்த கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்து வாருங்கள். பேர் போட வேண்டாம். வீட்டில் தராசு இல்லாதவர்கள் இப்போதே சொல்லுங்கள்; என்னுடையதை வாரத்துக்கு ஒரு வீடாகக் கொடுத்து அனுப்புகிறேன்.