டிரம் செட்டைக் கழற்றச் சொன்ன தயாரிப்பாளர்

எல்லாருக்கும் வணக்கம். கறுப்பு டி-ஷர்ட்டில் மலைத்தொடர் மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக வெள்ளைக் கோடுகள், எங்காவது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 1967இல் ஜோசலின் பெல் பர்னெல் கண்டுபிடித்த முதல் பல்சரின், அதாவது வேகமாகச் சுழன்றபடி துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலைகளை அனுப்பும் ஒரு நட்சத்திரத்தின், ரேடியோ துடிப்புகள் அவை. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் வெள்ளைத் தாளில் கறுப்பாக இருந்ததை வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் நிறத்தை மாற்றி, கறுப்பில் வெள்ளையாக ஒரு இசைத்தட்டின் அட்டைக்குப் போட்டார். முன்பக்கம் குழுவின் பெயரும் கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. குழு இங்கிலாந்தின் ஜாய் டிவிஷன், ஆல்பம் 'அன்நோன் ப்ளஷர்ஸ்', 1979 ஜூன். ஆனால் நான் பேச வந்தது அட்டையைப் பற்றி இல்லை, உள்ளே இருக்கும் சத்தத்தைப் பற்றி.

மான்செஸ்டரில் 1976 ஜூன் 4 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு, அதாவது வேகமும் முரட்டுத்தனமுமான ராக் குழு, வாசித்ததைக் கேட்டுவிட்டு, மறுநாளே கடைக்குப் போய், கீழ் ஸ்வரங்களுக்கான பேஸ் கிட்டார் வாங்கியவர் இந்தக் குழுவின் பீட்டர் ஹூக். அவருடைய ஆம்ப்ளிஃபையர் மட்டமானது, பக்கத்தில் பெர்னார்ட் சம்னரின் கிட்டாரோ காதைப் பிளக்கும், மேல் ஸ்வரங்களில் வாசித்தால்தான் தான் வாசிப்பது தனக்கே கேட்கும் என்பதால் அங்கேயே வாசித்துப் பழகினார். அதனால் இந்தக் குழுவில் மெட்டைத் தூக்கிக்கொண்டு போவது பல இடங்களில் பேஸ்தான். மேடையில் நால்வரும் வேகம், முரட்டுத்தனம், இரைச்சல்.

1979 ஏப்ரல், ஸ்டாக்போர்ட்டில் ஸ்ட்ராபெர்ரி ஸ்டூடியோ. மூன்று வார இறுதிகளில் மொத்த வேலையும் முடிந்துவிட்டது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம்மர் ஸ்டீபன் மோரிஸிடம் சொன்னது: டிரம் செட்டைப் பிரி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசி. ஒரு டிரம்மின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் கசியக் கூடாது. கைக்கும் காலுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்துப் பழகிய ஒருவரை இப்போது இதை மட்டும் அடி, அப்புறம் அதை மட்டும் அடி என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அப்படிப் பிரித்ததால்தான் ஒவ்வொரு அடிக்கும் நடுவே இடம் கிடைத்தது. அந்த இடத்தை, சத்தத்தைச் சற்றுத் தாமதித்து எதிரொலி போலத் திருப்பித் தரும் டிஜிட்டல் டிலே கருவியால் இன்னும் அகலப்படுத்தினார் ஹானெட். ஸ்டூடியோவின் பழைய லிஃப்ட் ஓடும் சத்தம், கண்ணாடி உடையும் சத்தம் எல்லாம் உள்ளே வந்தன. ஒரு பாடலில் தூரத்திலிருந்து பேசுவது போல வேண்டும் என்று பாடகர் இயன் கர்ட்டிஸின் குரலைத் தொலைபேசி வழியாகவே பதிவு செய்தார்.

எனக்கு மிக நெருக்கமான பாட்டு 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்'. கர்ட்டிஸ் மாக்கிள்ஸ்ஃபீல்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வலிப்பு நோய் உள்ள ஒரு இளம்பெண் வேலை தேடி அங்கே வந்துகொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் வருவது நின்றுவிட்டது, வேலை கிடைத்திருக்கும் என்றுதான் இவர் நினைத்தார். வலிப்பில் இறந்துபோய்விட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தப் பாட்டு அவளைப் பற்றியது. பதிவுக்குச் சில மாதங்களுக்கு முன்பு, கர்ட்டிஸுக்கும் அதே நோய்தான் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், 23 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஆல்பத்தைக் கேட்ட ஹூக்கும் சம்னரும் கொதித்துப்போனார்கள். எங்கள் வேகம் எங்கே, எங்கள் கோபம் எங்கே? அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் சரி ஹானெட் பக்கம்தான். மேடைச் சத்தத்தை அப்படியே பிடித்திருந்தால் அந்த ஆண்டு வந்த பல நல்ல பங்க் தட்டுகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும். அந்த வெறுமைக்குள் நின்று பாடும்போதுதான் கர்ட்டிஸ் எவ்வளவு தனியாக இருக்கிறார் என்பது கேட்கிறது. ஹானெட் செய்தது சரிதான் என்று பல ஆண்டுகள் கழித்து ஹூக்கே ஒத்துக்கொண்டார். முதல் பதிப்பாக 10,000 தட்டுகள் அச்சடிக்கத் தன் சேமிப்பைப் போட்ட ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் டோனி வில்சனுக்கும் இதில் பங்குண்டு.

சரி, பாட்டைப் போடுகிறேன், அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கள். தொடக்கத்தில் டிரம் மட்டும்தான் வரும். அதோடு 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்கும் பாருங்கள், அது டிரம் இல்லை. டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைக்கும் ஸ்ப்ரே. மூடிய சின்ன அறைக்குள் மோரிஸ் தனியாக நின்று, தாளத்துக்குச் சரியாக அதை அடித்துக்கொண்டே இருந்தார், அந்த நெடியில் மூச்சுத் திணறத் திணற.